பட்டிவாசலில் கட்டிய தோரணம்

மூன்று நாளும் நான் பிழையான மரத்தைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அது யூ மரம். இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிற்குமே, கறுத்த பச்சையில், வெயில் உள்ளே இறங்காத மரம், அதுதான். அதன் இலையில் ஒரு பிடி போதும், குதிரை நின்ற இடத்திலேயே விழுந்துவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நாங்கள் குதிரைகளோடு கூடாரம் போட்ட புல்வெளியின் மேற்கு மூலையில் அப்படி ஒன்று நின்றது. லொறியால் இறங்கியதும் என் கண் முதலில் அதில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு வேறெதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

லண்டன் மோர்டனில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் குதிரையோடு என்ன வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் ஆட்களில் ஒருவரும் இல்லை. எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்தபோது நானும் மற்றவர்களைப் போலக் கந்தோர்களில் மேசை, தரை கூட்டித் துடைக்கும் வேலைக்குத்தான் போனேன். அங்கே என்னோடு நின்ற ஒருத்தி, லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு குதிரை லாயத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாள். பஸ் ஏறிப் போனேன். கந்தோர் கூட்டுவதற்கும் லாயம் கூட்டுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை, குதிரை குறை சொல்லாது, அவ்வளவுதான். ஒரு கிழமைக்கென்று போனவள் பத்து வருடத்துக்கு மேல் அங்கே நின்றேன்.

லாயத்தின் சொந்தக்காரி அறுபது தாண்டிய ஆங்கிலப் பெண்மணி. இடுப்பு வருத்தக்காரி, சாய்ந்து சாய்ந்து நடப்பார், வாயில் இனிப்பான வார்த்தை வராது. வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் துரைச்சாணி. என்னை அவர் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. ஆனால் இரண்டாம் வருடமே லாயத்துப் பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டார். என்னை நம்பி இந்த நாட்டில் ஒருவர் தந்த முதல் திறப்பு அது. அதை வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் கொழுவி வைத்திருந்தேன்.

அந்த லாயத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை நின்றது. இருபத்துநாலு வயது. வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு வயதில் நான் குதிரை ஏறப் பழகியது அவளில்தான். நான் விழப்போகிறேன் என்று தெரிந்தால் கிழவி தானாகவே நின்றுவிடுவாள். என் பொக்கற்றுக்குள் மூக்கை விட்டுக் கரட் தேடுவாள். ஊரில் நடந்தவைகளை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த காலத்தில் அவளுடைய கழுத்தில் முகத்தை வைத்துச் சில விஷயங்கள் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம், துரைச்சாணி கிழவியின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் குளிருக்கு அவளை விடக்கூடாது, ஒக்ரோபரில் மிருக வைத்தியரைக் கூப்பிடப்போகிறேன் என்றார். கூப்பிட்டு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஊசி, பிறகு ஒரு லொறி. நான் சண்டை பிடித்தேன். மூன்று நாள் அவரோடு கதைக்காமலும் இருந்தேன். கடைசியில் அவரே ஒரு ஒப்பந்தம் சொன்னார். ஓகஸ்ட் முடிவில் வழக்கமாகக் காட்டோரம் கூடாரம் போட்டுக் குதிரை ஓடப் போவோம். இந்த முறை கிழவியும் வரட்டும். காட்டுப்பாதையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு நின்றால் இந்தக் குளிர்காலம் அவளுக்கு. முடியாவிட்டால் ஒக்ரோபர்.

துரைச்சாணியின் வழக்கமான லொறிக்காரனுக்கு நாரி பிடித்து நிமிர முடியாமல் போய்விட்டது. என்னவர் ஹவுன்ஸ்லோப் பக்கம் விமான நிலையச் சாமான் லொறி ஓட்டுகிறவர். அவரைக் கேட்டேன்.

"குதிரையளைக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ள முகாம் போடப் போறீரோ? நாங்கள் முகாமும் காடும் காணாமலே இஞ்ச வந்தனாங்கள்?" என்றார்.

"நீங்கள் குதிரைக்குக் கிட்டவும் வரவேண்டாம். லொறியை ஓட்டிப்போட்டு, சோறு கறி சமைச்சுக்கொண்டு இருங்கோ."

"உந்தச் சம்பளத்துக்கு இதுவும் செய்யத்தான் வேணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் தோரணம் கட்டினேன். எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்தை வெறும் வாசலோடு தொடங்குவதில்லை. அந்தக் காலத்தில் பிளேனில் வரும் மாவிலை கடைக்கு வரும்போதே கறுத்துச் சுருண்டிருக்கும். ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒரு வேலிமரம் நின்றது. நீண்ட, தடித்த, மினுங்குகிற இலை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் மாவிலையேதான். முதலில் அதைப் பிடுங்கி நிறைகுடத்தில் வைத்தவர் யாரென்று தெரியாது. சாமத்தியச் சடங்கு, கலியாணம், புதுவீடு குடிபூரல் என்று வருடக்கணக்காக லண்டனில் நாங்கள் கண்ட மாவிலை அதுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் மாமரம் என்றால் அந்த வேலிதான் என்று நினைத்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாங்கள் கேட்கும் முன்பே பை நிறைய வெட்டித் தந்துவிடுவார்.

நூற்றொரு இலை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து நூலில் கோத்தேன். மடிக்கும்போது இலை நடுவால் வெடித்தது. நத்தார் பண்டிகைக்கு ரிச் கேக்கில் விடுவோமே ஆமண்ட் எசன்ஸ், அந்த வாசம் வந்தது. கை கழுவின பிறகும் போகவில்லை.

"என்ன, கேக் அடிக்கிறீரோ?" என்று கேட்டுக்கொண்டு என்னவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிழவிக்குத் தோரணம்."

"நாலு கால் சீவனுக்கும் தோரணமோ?"

"ஊரில மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக்கொட்டிலுக்குக் கட்டேல்லையே? பேசாமல் போங்கோ."

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். சசெக்ஸ் பக்கம், பண்ணை வைத்திருக்கும் ஒரு கமக்காரனின் புல்வெளி. ஒரு தண்ணீர்க்குழாய், ஒரு கக்கூஸ், மரச்சட்டம் அடித்த இரண்டு பட்டிகள். கமக்காரனின் வீடு ஒரு மைலுக்கு அப்பால். புல்வெளி முடிகிற இடத்தில் காடு சுவர் எழுப்பினாற்போல் நின்றது. காற்று இல்லை. குதிரைகள் இரண்டும் லொறியால் இறங்கியதும் காதுகளைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. துரைச்சாணியின் உயர்ந்த செங்கபில ஆண்குதிரை இரண்டு தரம் கனைத்துப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டது.

என்னவர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டு சொன்னார்: "உந்தக் காட்டுக்குள்ள ஒரு குருவிச் சத்தமும் இல்லையப்பா. எனக்கு உது பிடிக்கேல்லை."

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் இரண்டு நாள் ஒரு காட்டுக்குள் குப்புறப் படுத்திருந்தோம். அதற்குப் பிறகு அவர் எந்தக் காட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. நான் அவரைப் பகிடி பண்ணினேன். ஆனால் எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு குளிர் இருந்தது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்ற நினைப்பு. அதை யூ மரத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

கிழவியை மரத்துக்குத் தூரமான கிழக்குப் பட்டியில் விடவேண்டும் என்று அடம்பிடித்தேன். பட்டியின் நாலு மூலையும் முழங்காலில் நின்று தேடினேன். மஞ்சள் பூப் பூக்கும் நச்சுக் களைச்செடி இரண்டு நின்றன, வேரோடு பிடுங்கினேன். ஓக் மரத்தின் பச்சைக் காய்கள் விழுந்து கிடந்தன, அதுவும் குதிரைக்கு ஆகாது, ஒரு வாளி பொறுக்கினேன். யூ மரத்திலிருந்து காற்றடித்தால் இலை எவ்வளவு தூரம் பறக்கும் என்றுகூடக் கணக்குப் பார்த்தேன். துரைச்சாணி லொறிப் படியில் இருந்து இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடித்துவிட்டு, என் பையைத் திறந்து தோரணத்தை எடுத்துப் பட்டிவாசலின் இரண்டு தூண்களுக்கும் நடுவில் உயரமாகக் கட்டினேன். கட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். குளிர்காலம் கிழவிக்குக் கிடைக்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். துரைச்சாணி தூரத்திலிருந்து கையை உயர்த்தி, அழகாக இருக்கிறது என்றார். மூக்குக்கண்ணாடி அவருடைய நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காட்டுப்பாதையில் போனோம். துரைச்சாணி முன்னால், நானும் கிழவியும் பின்னால். அந்த மூன்று மணித்தியாலமும் நான் மரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, கிழவியின் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு இழுத்தது. பாதை இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில், விழுந்துகிடந்த ஒரு பெரிய மரத்துக்கு முன்னால், நின்றுவிட்டாள். உதைத்தும் அசையவில்லை. நல்ல கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முடிந்தது, ஒக்ரோபர்தான் என்று நினைத்தேன். நான் இறங்கி, கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். கொஞ்சத்தில் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. என்னை நம்பி வந்தாள்.

திரும்பி வந்து ஒரு வாளித் தீனையும் நக்கித் துடைத்தாள். துரைச்சாணி நாலு காலையும் தடவி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, எழும்பி நாரியைப் பிடித்துக்கொண்டு, சரி, இந்தக் குளிர்காலம் அவள் இருக்கட்டும் என்றார். நான் வெட்கத்தை விட்டு அழுதேன். என்னவரும் முதல் தடவையாகக் கிட்ட வந்து, ஒரு விரலால் கிழவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாள் வெயிலில் தோரணம் வாடித் தொய்ந்து, நூல் வாசலுக்குக் குறுக்கே கீழே இறங்கியிருந்ததைக் கண்டேன். காலமை இறுக்கிக் கட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறு மணிக்குக் கிழவியின் வலைப்பையில் உலர்ந்த புல் அடைத்துவிட வேண்டும். அதுதான் ஒழுங்கு. ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. கேட்டது கிடைத்திருக்கிறது, ஒரு பால்பொங்கல் பொங்கிப் படைத்துவிட்டுப் போவோம் என்று அந்தச் சின்ன காஸ் அடுப்பை மூட்டினேன். ஈரக்காற்றில் நெருப்பு நிற்கவில்லை. பால் பொங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

"கிழவி கூப்பிடுறா," என்றார் என்னவர்.

"பசி. பொங்கி வழியட்டும், பேந்து போறன்."

இரண்டு தரம் கனைத்தாள். மூன்றாம் தரம் கனைக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. நான் சந்தோசமாக அரிசியைப் போட்டேன்.

புல்லைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குப் போனபோது கிழவி நாலு காலையும் அகட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டியபடி நின்றாள். விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. நான் ஓடிப்போய்த் தலையைக் கட்டிப் பிடித்தேன். உதட்டை விலக்கிப் பார்த்தேன், பல் முரசு செவ்வரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. அவளுடைய மூச்சு என் முகத்தில் அடித்தது. ஆமண்ட் எசன்ஸ் வாசம்.

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். நூல் ஒரு தூணில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அதில் சில காம்புகளும் ஒரு அரை இலையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அதைப் பிறகு எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆனால் உண்மை அதுதான், அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியதும் என் கை நூலை அறுத்துச் சுருட்டி ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தது. துரைச்சாணி சாய்ந்து சாய்ந்து ஓடிவந்தார். கிழவியைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: ஏதாவது தின்றாளா?

"இல்லை," என்றேன். "ஒன்றும் தின்னவில்லை."

ஊரில் ஆமிக்காரன் சென்றியில் மறித்து எதைக் கேட்டாலும் முதல் பதில் இல்லை என்பதுதான். இயக்கப் பெடியள் வந்தவங்களா? இல்லை. இந்த ஆளைத் தெரியுமா? இல்லை. முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி என்னவென்றே யோசிப்போம். அந்த இல்லை எங்களைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்தும் எந்தக் கந்தோரில் எதைக் கேட்டாலும் என் நாக்கு முதலில் அங்கேதான் போகும். அன்றைக்கும் போனது. ஆனால் சொல்லி முடித்த பிறகு திருத்துவதற்கு எனக்கு நேரம் இருந்தது. துரைச்சாணி லொறி வரைக்கும் நடந்து போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். திறப்பைத் திருப்பித் தரவேண்டி வரும் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என்னவர் அவரை ஏற்றிக்கொண்டு கமக்காரனின் வீட்டுக்குப் போன் பண்ணப் போனார். நான் கிழவியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்ததும் துரைச்சாணி வைத்தியருக்கு வழிகாட்டத் தெருவோரப் படலையடியில் நின்றுவிட்டார். என்னவர் மட்டும் பட்டிக்கு வந்தார். வாசலில் அப்படியே நின்றார்.

"தோரணம் எங்கை?"

என் கை பொக்கற்றை மூடியது. அவர் என் பொக்கற்றைப் பார்த்தார்.

"நீர் அவவுக்குச் சொல்லேல்லையோ? வயசுபோன குதிரை, இதயமாக்கும் எண்டெல்லே அவ போன்ல சொன்னவ."

"சொன்னால் என்ன செய்வினம்?"

"எனக்குத் தெரியாது. வைத்தியருக்குத் தெரியும். நான் திரும்பப் போய்ப் போன் பண்ணிச் சொல்லட்டோ?"

"வேண்டாம். பொறுங்கோ," என்றேன்.

அவர் பொறுத்தார். என் பேச்சை மீறிப் போயிருக்கலாம் என்று இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நியாயமில்லாத கோபம்தான்.

கிழவி முன்னங்கால் மடிந்து விழுந்தாள். பூ விழுந்த கண் மேலே வந்தது. நான் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். கால்கள் கொஞ்ச நேரம் ஓடுவதுபோல அசைந்தன. பிறகு நின்றன. அடுப்பில் இருந்த பொங்கல் அடிப்பிடித்து எரிந்த மணம் புல்வெளி முழுக்க வந்தது.

வைத்தியர் வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. உதட்டை விலக்கி முரசைப் பார்த்தார். முகம் மாறியது. இது இதயமில்லை, எதைத் தின்றாள் என்று கேட்டார். தூரத்தில் நின்ற யூ மரத்தைப் பார்த்தார்.

துரைச்சாணிதான் பதில் சொன்னார். அவள் ஒன்றும் தின்றிருக்க முடியாது என்றார். என்னைக் கையால் காட்டி, இந்தப் பட்டியில் ஒரு புல் விடாமல் இவள் தேடினாள், நான் கண்ணால் பார்த்தேன், இவளைப்போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நான் பொக்கற்றில் இருந்து நூலை எடுத்து நீட்டினேன்.

வைத்தியர் அந்த அரை இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். லோரல் என்றார். அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாடினால் அது இன்னும் மோசம் என்றார். ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் அதை வழக்கமாகக் கொண்டு திரிவதில்லை, போனில் சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது பலித்திருக்கும் என்று சொல்லமுடியாது என்றும் சொன்னார். நல்ல மனுசன்.

துரைச்சாணி நூலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார்.

"நல்லது நடக்கவேண்டும் என்று வாசலில் கட்டுவது," என்றேன்.

"அவளுக்காகவா?"

"அவளுக்காக."

அவர் நூலைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். நானும்தான் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று சொன்னேன் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

திறப்பைத் திருப்பித் தரப்போனேன். அவர் வாங்கவில்லை. இன்னும் ஆறு வருடம் நான் அங்கே வேலை செய்தேன். மோர்டனில் அந்த வேலி இன்றைக்கும் நிற்கிறது. குதிரையில்லாத வீட்டு வாசல்களில் எங்கள் ஆட்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. துரைச்சாணியிலும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, முன்னைப் போலவே ஏசினார், முன்னைப் போலவே என்னிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். ஒன்றே ஒன்றுதான். குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்தாயா, படலையைப் பூட்டினாயா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். சொன்ன பிறகும் அவர் போகமாட்டார். இன்னொரு பதில் வரக்கூடும் என்று, கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.